முளா-முட்டா மேல் பனி எழும்போது

புனேயில் முளா-முட்டா ஆறு உறைவதில்லை. 1935 ஜனவரியில் 1.7 டிகிரிக்கு இறங்கியதே இந்த ஊர் கண்ட கடுங்குளிர். ஆனால் டிசம்பர் கடைசியில் வெப்பம் பத்துக்குக் கீழே போய், வானம் தெளிந்து, காற்றும் அசையாமல் கிடந்தால், ஏரவாடாவில் ஆற்றின்மேல் ஆவி பனியாக எழும். பகலில் வாங்கிய சூட்டை நீர் சீக்கிரம் விடாது. மேலே படிந்த காற்றோ விடிவதற்குள் சில்லிட்டுவிடும். அதனால் முந்தின இரவே வானத்தைப் பாருங்கள். மேகமோ காற்றோ இருந்தால் பேசாமல் தூங்கலாம்.

ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்க ஏழு தாண்டிவிடும். ஆறரைக்கே ஆற்றங்கரையில் பண்ட் கார்டன் பக்கம் போய் நின்றுவிடுவேன். 1860களின் இறுதியில் எழுந்த ஃபிட்ஸ்ஜெரால்ட் பாலத்தின் கல் வளைவுகள்தான் எனக்கு எப்போதும் முதல் தேர்வு. பனியை மட்டும் எடுத்தால் படம் வெறும் வெள்ளைத் துணி. கறுத்த கல் ஒன்று குறுக்கே நிற்கும்போதுதான் பனிக்கு ஆழம் வருகிறது. அகன்ற கோண லென்ஸ் வேண்டாம், 70-200 மி.மீ. லென்ஸில் வளைவுகள் நெருங்கி, ஒன்றைவிட அடுத்தது வெளிறிக்கொண்டே போவது தெரியும்.

கேமராவை அதன் போக்கில் விட்டால் வெண்பனியைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை +1 வரை கூட்டுங்கள். வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் வைத்தால் விடியலின் நீலம் போய்விடும்; டேலைட்டில் வையுங்கள்.

ஜன்ஸ்கார் போல நிஜமாகவே உறையும் ஆற்றுக்குப் போகிறவர்கள் உபரி பேட்டரியை உடம்போடு ஒட்டிய பையில் வைக்க வேண்டும். குளிரில் அது சட்டென்று இறங்கிவிடும். திரும்பி வந்ததும் கேமரா பையை மூடியபடியே அறைக்குள் வையுங்கள். உடனே திறந்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும்.

புனேயில் வெயில் ஏறியதும் ஆற்றோடு கீழே, டாக்டர் சலீம் அலி பறவைகள் சரணாலயப் பக்கம் போகலாம். குளிர்காலத்தில் வலசை வாத்துகள் வரும் இடம்.

ஆகாயத்தாமரையையும் கழிவுநீர் நுரையையும் பலர் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நுரையும் இந்த ஆற்றின் இன்றைய நிலைதான். தவிர, 2022-இல் அடிக்கல் நாட்டிய ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டத்தால் கரையே மாறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் அதே இடத்தில் நின்று, அதே லென்ஸில் ஒரு படமாவது எடுங்கள். தேதியையும் நின்ற இடத்தையும் படத்தோடு எழுதி வையுங்கள். கரையில் எந்த மரம் இருந்தது, எது போனது என்று பிறகு கேட்பவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.