சிரிக்க வைக்கும் வேடம் யாருக்கு?

விஜயபுரம் ஆந்திர மாநிலத்தில் உள்ளது. அது சித்தூர் மாவட்டத்து ஊர். நகரிக்குப் பக்கம். தமிழ்நாட்டு எல்லையும் அருகில்தான். இந்தப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தர்மராஜா கோயில்கள் பல உண்டு. அங்கே பாரதத் திருவிழா நடக்கும். பகலில் பாரதக் கதை சொல்வார்கள். இரவில் கூத்து நடக்கும். விடிய விடிய மக்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

கூத்தில் அர்ச்சுனன் வருவான். துரியோதனன் வருவான். ஆனால் எல்லோருக்கும் முன்னால் வருபவன் கட்டியங்காரன். ராஜா வருகிறார் என்று சபைக்குச் சொல்பவன் அவன்தான். அந்த ராஜாவையே கேள்வி கேட்டு மடக்குபவனும் அவன்தான். அவன் வாயைத் திறந்தால் தூங்குகிற பிள்ளையும் விழித்துக்கொள்ளும்.

மேடை நாடகத்தில் இந்த ஆளுக்குப் பபூன் என்று பெயர். கதாநாயகனுக்கு ராஜபார்ட் என்று பெயர். பெண் வேடத்துக்கு ஸ்திரீபார்ட் என்று பெயர்.

ஊரில் நாடகம் போடலாம் என்று பேச்சு வரும். உடனே ராஜபார்ட்டுக்குப் போட்டி வரும். பபூன் வேடத்துக்கு மட்டும் பலர் தயங்குவார்கள். "நான் என்ன கோமாளியா?" என்று கேட்பார்கள். பபூன் வேடம் அவ்வளவு மட்டமானதா?

வக்கீல்களும் வேடம் கட்டினார்கள்

அந்தக் காலத்தில் நடிகர்களைக் "கூத்தாடி" என்று இழிவாகப் பேசினார்கள். படித்தவர்கள் மேடை ஏற மாட்டார்கள்.

1891-ஆம் ஆண்டில் ஒரு மாற்றம் வந்தது. பல்லாரியிலிருந்து ஒரு தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. அதை நடத்தியவர் தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியார். அவர் ஒரு வக்கீல். அவருடைய குழுவில் படித்தவர்கள் நடித்தார்கள். கூலிக்காக அல்ல. ஆசைக்காக நடித்தார்கள்.

சென்னையில் ஓர் இளைஞர் அந்த நாடகத்தைப் பார்த்தார். அவர் பெயர் பம்மல் சம்பந்தம். வயது 18. அதுவரை அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே பிடிக்காது. அன்று மனம் மாறியது. "தமிழிலும் நாம் இப்படி நடிக்கலாமே" என்று நினைத்தார்.

அதே ஆண்டு ஜூலை மாதம் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சபை தொடங்கினார். அதன் பெயர் சுகுண விலாச சபை. பகலில் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். மாலையில் ஒத்திகை பார்ப்பார்கள். சம்பந்தம் பின்னர் வக்கீல் ஆனார். நீதிபதியும் ஆனார். ஆனாலும் மேடையை விடவில்லை.

தெலுங்கு நாடகத்தைப் பார்த்துத் தமிழில் ஒரு சபை பிறந்தது. இரண்டு மொழியும் பேசும் ஊர்களுக்கு இது பெருமையான செய்தி.

இரண்டு சபாபதிகள்

சம்பந்த முதலியார் எழுதிய நகைச்சுவை நாடகம் "சபாபதி". அதில் எசமான் பெயர் சபாபதி. வேலைக்காரன் பெயரும் சபாபதி. எசமான் பெரிய பணக்காரர். ஆனால் படிப்பில் மந்தம். வேலைக்காரன் சொன்னதைச் சொன்னபடியே செய்து வம்பில் மாட்டுவான்.

இருவருக்கும் ஏன் ஒரே பெயர்? பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அசட்டுத்தனம் எல்லோருக்கும் பொது. இதைச் சொல்லாமல் சொல்கிறது அந்தப் பெயர்.

1941-இல் சபாபதி திரைப்படமாக வந்தது. எசமானாக டி.ஆர். ராமச்சந்திரன் நடித்தார். வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம் நடித்தார். ரத்தினம் நாடகக் கம்பெனியில் வாத்தியாராக இருந்தவர். எம்.ஜி.ஆர். சிறுவனாக இருந்தபோது அவருக்கு நடிப்புச் சொல்லிக் கொடுத்தவர். அப்படிப்பட்ட வாத்தியார்தான் அசட்டு வேலைக்காரனாக நடித்தார். அசடாக நடிக்க அசடு போதாது. கெட்டிக்காரர் வேண்டும்.

ஆள் எடுக்கும் நாள்

நாடக வாத்தியார் எப்படி ஆள் எடுப்பார்? முகத்தைப் பார்த்து மட்டும் எடுக்க மாட்டார். கொஞ்சம் வசனம் கொடுத்துப் பேசச் சொல்வார். இதோ ஒரு சிறு வசனம்.

எசமான்: கடிதத்தைப் பெட்டியில் போட்டாயா?
வேலையாள்: போட்டேன் ஐயா.
எசமான்: நல்லது. நாளைக்கே போய்ச் சேர்ந்துவிடும்.
வேலையாள்: எங்கே ஐயா போகும்? நான்தான் பெட்டியைப் பூட்டிவிட்டேனே! இதோ சாவி.

எசமான் சொன்னது தபால் பெட்டி. வேலையாள் போட்டது வீட்டுப் பெட்டி. இதில்தான் சிரிப்பு இருக்கிறது.

வேலையாளாகப் பேசுபவரிடம் வாத்தியார் நான்கு விஷயங்களைக் கவனிப்பார்.

முதலாவது, குரல். கடைசி வரிசையில் உட்கார்ந்த பாட்டிக்கும் கேட்க வேண்டும். கத்தக் கூடாது. வாயைத் திறந்து, சொல்லை விழுங்காமல் பேச வேண்டும்.

இரண்டாவது, காது. மற்றவர் பேசும்போது இவர் கேட்க வேண்டும். பலர் தம் முறை எப்போது வரும் என்று மட்டுமே பார்ப்பார்கள். "நாளைக்கே போய்ச் சேர்ந்துவிடும்" என்று கேட்டதும் வேலையாள் முகத்தில் குழப்பம் வர வேண்டும். அந்தக் குழப்பத்தைப் பார்த்தே பாதிச் சிரிப்பு வந்துவிடும்.

மூன்றாவது, நிதானம். "பூட்டிவிட்டேனே" என்ற பிறகு ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். பிறகு சாவியை எடுத்து நீட்ட வேண்டும். அவசரப்பட்டால் சிரிப்பு வராது. சபை சிரிக்கும்போது அடுத்த வசனத்தைப் பேசக் கூடாது. சிரிப்பு அடங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

நான்காவது, சிரிக்காமல் இருப்பது. இதுதான் மிகவும் கடினம். வேலையாள் தான் நல்ல வேலை செய்ததாக நம்புகிறான். ஆகவே அவன் சிரிக்கக் கூடாது. நடிப்பவர் சிரித்துவிட்டால் சபையின் சிரிப்பு போய்விடும்.

எழுத்துக் கூட்டிப் படிப்பவர் நடிக்கலாமா?

நடிக்கலாம். கூத்தில் பலர் காதால் கேட்டே பாடம் கற்றார்கள். வாத்தியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வார்கள். படிக்கத் தெரிந்தவருக்கு இன்னும் ஒரு வசதி உண்டு. வாத்தியார் இல்லாத நேரத்திலும் வீட்டில் பாடம் படிக்கலாம்.

வசனத் தாளை ஒரு நாள் முன்னதாகவே கேட்டு வாங்கலாம். தெரியாத சொல் இருந்தால் பொருள் கேட்கலாம். அதில் வெட்கம் இல்லை. வசனத்தைத் தம் கையால் ஒரு முறை எழுதினால் மனதில் நன்றாக நிற்கும். எசமான் வசனத்தை வீட்டில் ஒருவரைப் படிக்கச் சொல்லலாம். பதிலை இவர் சொல்லிப் பழகலாம்.

எல்லை ஊர்க்காரருக்கு இன்னொரு சொத்தும் உண்டு. அது இரண்டு மொழி. "செப்பு" என்றால் தமிழில் தாமிரம். செப்புக் குடம் என்கிறோம் அல்லவா? தெலுங்கில் "செப்பு" என்றால் "சொல்" என்று பொருள். எசமான் தெலுங்கில் "செப்பு, செப்பு" என்று அதட்டுகிறார். தமிழ் வேலையாள் இரண்டு செப்புக் குடத்தைத் தூக்கி வருகிறான். இரண்டு மொழியும் தெரிந்த சபை விழுந்து விழுந்து சிரிக்கும்.

பெண்கள் வரலாமா?

முன்பு பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். சுகுண விலாச சபையிலும் அப்படித்தான். ஆந்திராவில் சுரபி நாடகக் குழு வேறு வழியில் போனது. அது 1885-இல் கடப்பைப் பகுதியில் தோன்றியது. குடும்பம் குடும்பமாக நடித்தார்கள். பெண் வேடத்தைப் பெண்களே கட்டினார்கள்.

பெண்கள் நடிக்க வரும்போது சில கேள்விகளை முன்பே கேட்பது நல்லது. ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும்? இரவில் வீட்டுக்கு யார் துணை வருவார்கள்? உடை மாற்ற மறைவான இடம் உண்டா? நல்ல குழு இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும்.

கேலியும் நகைச்சுவையும்

ஊரில் ஒருவர் திக்கிப் பேசுவார். ஒருவர் குள்ளமாக இருப்பார். சிலர் அவர்களிடம், "நீ மேடையில் நின்றாலே போதும். சிரிப்பு வரும்" என்று சொல்லிக் கூப்பிடுவார்கள். இது ஆள் எடுப்பது ஆகாது. இது கேலி.

உடம்பைப் பார்த்துச் சிரிப்பது, நிறத்தைப் பார்த்துச் சிரிப்பது, சாதியைச் சொல்லிச் சிரிப்பது எல்லாம் மனிதரைப் புண்படுத்தும். அப்படிக் கூப்பிட்டால் மறுக்கலாம். "இந்த வேடத்தில் நான் என்ன செய்கிறேன்? சபை எதற்காகச் சிரிக்கும்?" என்று கேட்கலாம். குள்ளமானவர் ராஜா வேடமும் கேட்கலாம். குரல் இருந்தால் அதையும் கொடுக்க வேண்டும்.

கட்டியங்காரன் யாரைக் கேலி செய்கிறான்? ராஜாவை. சபாபதி யாரைக் கேலி செய்கிறது? பணக்கார எசமானையும் சேர்த்துத்தான். நல்ல நகைச்சுவை இளைத்தவரை மிதிக்காது. பெரியவர் செய்யும் தவற்றையும் காட்டும்.

கலைவாணர்

என்.எஸ். கிருஷ்ணன் 1908-இல் நாகர்கோவில் அருகே ஒழுகினசேரியில் பிறந்தார். வீட்டில் வறுமை. பள்ளிப் படிப்பு தொடரவில்லை. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். வில்லுப்பாட்டில் பழகினார். பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். 1936-இல் "சதி லீலாவதி" படத்தில் நடித்தார். சிரிப்போடு சிந்தனையும் கொடுத்தார். மூடப் பழக்கங்களைக் கேலி செய்தார். அவருக்குக் "கலைவாணர்" என்று பட்டம் சூட்டியவர் சபாபதி எழுதிய சம்பந்த முதலியார்தான்.

கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன் மேடை ஏறினார். நாடே அவரைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் யாரும் அவரை மட்டமாக நினைக்கவில்லை.

வேடம் கிடைக்காவிட்டால்?

பத்துப் பேர் வந்தால் ஒருவருக்குத்தான் பபூன் வேடம் கிடைக்கும். மற்றவர்கள் மட்டம் என்று பொருள் இல்லை. நாடகத்துக்கு வேலை பல உண்டு. திரை இழுக்க ஆள் வேண்டும். முகத்துக்கு வர்ணம் தீட்ட ஆள் வேண்டும். திரை மறைவில் நின்று, நடிகர் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். எடுத்துக் கொடுப்பவர் சபையின் கண்ணுக்குத் தெரிய மாட்டார். அவர் கையில் முழு நாடகமும் இருக்கும். படிக்கத் தெரிந்தவரே அந்த வேலையைச் செய்ய முடியும்.

புதிய சொற்கள்

ஒத்திகை – மேடை ஏறும் முன் செய்யும் பழக்கம்
வசனம் – நாடகத்தில் பேசும் பேச்சு
சபை – நாடகக் குழு. நாடகம் பார்க்கக் கூடியவர்கள்
வேடம் கட்டுதல் – ஒரு பாத்திரமாக உடுத்தி நடித்தல்

விடை சொல்லுங்கள்

1. கூத்தில் ராஜாவுக்கு முன்னால் வருபவர் யார்?
2. சுகுண விலாச சபை எந்த ஆண்டு தொடங்கியது?
3. "சபாபதி" நாடகத்தில் இருவருக்கு ஒரே பெயர். யார் யாருக்கு?
4. சபை சிரிக்கும்போது நடிகர் ஏன் காத்திருக்க வேண்டும்?
5. கேலிக்கும் நகைச்சுவைக்கும் என்ன வேறுபாடு?

செய்து பாருங்கள்

இருவர் இருவராகச் சேருங்கள். கடிதப் பெட்டி வசனத்தை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு தாளைப் பார்க்காமல் பேசுங்கள். வேலையாள் சிரிக்கக் கூடாது. யார் சிரிக்காமல் பேசுகிறார்கள் என்று மற்றவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.