மரக்காணம் உப்பளத்துக்கு எந்தப் பேருந்து?

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். உப்பு விளைவதை நேரில் பார்க்க ஆசைப்படுகிறாள். எழுபது வயதைத் தாண்டிய என் மாமியாரும் உடன் வருவார். எங்களிடம் கார் இல்லை. சென்னையிலிருந்து மரக்காணம் போய்விட்டு அன்றே திரும்பிவிடலாமா? ரயில் உண்டா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: திரும்பிவிடலாம். ஆனால் உங்கள் மகள் ஆசைப்பட்டதைப் பார்க்க முடியாது. உப்பளத்தில் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். பலகாரம் சாப்பிட்டுவிட்டுச் சென்னையில் பேருந்து ஏறினால், நீங்கள் போய் இறங்கும்போது பாத்திகளில் ஆளே இருக்காது. முதல் நாளே கிளம்பி, பக்கத்தில் எங்காவது தங்குங்கள்.

மரக்காணத்தில் ரயில் நிலையம் கிடையாது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கடலோர ரயில் பாதை என்பது பல ஆண்டுகளாகத் திட்டமாகவே நிற்கிறது. இருந்தாலும் பெரியவர் உடன் வருவதால் ரயிலைத்தான் சொல்வேன். கால் நீட்டலாம், கழிப்பறை இருக்கிறது. எழும்பூரிலிருந்து விழுப்புரம் பக்கம் போகும் ரயிலில் ஏறித் திண்டிவனத்தில் இறங்குங்கள். எல்லா விரைவு ரயில்களும் அங்கே நிற்பதில்லை. பார்த்து முன்பதிவு செய்யுங்கள். இரவு திண்டிவனத்தில் தங்கி, மறுநாள் மரக்காணத்துக்கு முதல் பேருந்தைப் பிடியுங்கள். சுமார் 35 கி.மீ. அந்த முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை முந்தின மாலையே பேருந்து நிலையத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இது புதிய வழியும் அல்ல. சங்க நூலான சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடன் என்ற மன்னனைத் தேடிப் போகும் பாணனுக்கு வழி சொல்கிறது: எயிற்பட்டினத்தில் தொடங்கி, வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கில். எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. பாணன் போன திசைக்கு எதிர்த்திசையில் நீங்கள் போவீர்கள். மகளுக்குச் சொல்லுங்கள்.

பேருந்தே போதும் என்றால், சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு இரண்டு வழி இருப்பதை மறக்க வேண்டாம். திண்டிவனம் வழியாகப் போகும் பைபாஸ் பேருந்து மரக்காணம் பக்கமே வராது. கிழக்குக் கடற்கரைச் சாலை வண்டிதான் வேண்டும், பலகையில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். கல்பாக்கம், கடப்பாக்கம் தாண்டி மரக்காணம். அதிலும் சில வண்டிகள் இடையில் நிற்காதவை. ஏறும்போதே நடத்துநரிடம், "அண்ணே, மரக்காணம் நிக்குமா?" என்று கேட்டுவிடுங்கள். திருவான்மியூரிலும் ஏறலாம், ஆனால் உட்கார இடம் வேண்டுமென்றால் கோயம்பேட்டுக்கே போவது நல்லது.

ஒரு காலத்தில் மூன்றாவது வழியும் இருந்தது. ஆந்திரத்தின் காக்கிநாடா பக்கத்திலிருந்து சென்னையைத் தொட்டுக்கொண்டு வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில்தான் முடிகிறது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஓடிய நீர்வழி அது. 1876–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக அதில் மண் வெட்டியவர்கள் பட்டினி கிடந்த ஏழைகள். அந்தக் கால்வாயில் இன்று ஒரு பயணிகள் படகுகூட இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

மார்ச் மாதம் போங்கள். ஏப்ரல், மே, ஜூனில்தான் விளைச்சல் அதிகம். ஆனால் வெள்ளை உப்பில் பட்டு எதிரடிக்கும் வெயிலைக் குழந்தையும் பெரியவரும் தாங்கமாட்டார்கள். அக்டோபரில் மழை பிடித்தால் உப்புத் தொழில் ஓய்ந்துவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது இந்த உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தன. பறவை பார்க்க வேண்டுமானால் மட்டும் டிசம்பர், ஜனவரியில் பக்கத்துக் கழுவெளிக்குப் போகலாம். 2021இல் சரணாலயமாகவும் 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட ஏரி அது.

மரக்காணத்தில் இறங்கியதும் ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். உப்பளங்கள் சாலையோரத்திலேயே இருக்கின்றன. மாமியார் நடக்கத் தேவையில்லை. வேலை செய்கிறவர்களிடம் கேட்டுக்கொண்டு, வரப்பில் மட்டும் நடங்கள். பாத்திக்குள் கால் வைத்தால் அடிமண் கலங்கி உப்பு அழுக்காகிவிடும்; அது அவர்கள் கூலிக்கே கேடு. நீண்ட கழியில் பலகை கோத்து அவர்கள் உப்பை ஓரத்துக்கு இழுக்கும்போது, மெல்லிய தகடாகப் படிந்திருந்தது நொறுங்கிச் சரசரக்கும். அவர்களுடைய பாதங்களையும் மகள் பார்க்கட்டும். உப்புநீரில் ஊறி ஊறி வெடித்திருக்கும். உங்கள் மகளுக்கு மூடிய காலணி போட்டுவிடுங்கள். சிறு கீறல் இருந்தாலும் எரியும். குடிதண்ணீர், தொப்பி அவசியம்.

திரும்பும்போதும் திண்டிவனம் வழிதான். சனி, ஞாயிறு மாலைகளில் புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆரில் வரும் வண்டிகள் மரக்காணம் வருவதற்குள் நிறைந்துவிடும். பெரியவரை நிற்க வைத்துக்கொண்டு சென்னை வரை வர வேண்டாம்.