பழைய ஜீப்பும் கரிசல் சகதியும்

2024 மாசி மாதம், கோவில்பட்டியில் ஒரு பட்டறை. என் ஜீப்பின் முன் அச்சில் இருந்து வடித்த எண்ணெய் பால் கலந்த டீ மாதிரி இருந்தது. மெக்கானிக் அண்ணாச்சி அதை விரலில் தொட்டு என் கண் முன்னால் நீட்டினார். "தண்ணி குடிச்சிருக்கு சார். ரெண்டு மாசமாவது இருக்கும். வெள்ளத்துல எங்கயும் எறக்குனீகளா?"

இறக்கினேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. எங்கள் பக்கத்து ஓடைகளும் தாம்போதியை மூடிக்கொண்டு ஓடின. மூன்று நாள் கழித்து வெள்ளம் வடிந்து முட்டளவு நின்றபோது, மாட்டுக்குத் தீவனம் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டியில் இருந்து வந்தேன். முன்னால் போன மினி லாரி தாம்போதியில் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் தண்ணீருக்குள் பத்து நிமிஷம் நின்றேன். பிறகு வீடு வந்து சேர்ந்தாச்சு. "நாலு வீல் வண்டின்னா சும்மாவா" என்று பெருமை வேறு. அந்தப் பத்து நிமிஷத்துக்குக் கொடுத்த விலை 23,400 ரூபாய். முன் அச்சின் கிரவுன், பினியன், நாலு பேரிங், சீல், கூலி எல்லாம் சேர்த்து.

நான் வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாதிக் காலம் விவசாயக் கடன் மேஜை. டிராக்டருக்குக் கடன் கொடுத்ததும் நான்தான், தவணை தவறியவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதும் நான்தான். அதனாலேயே திருவேங்கடம் பக்கம் பூர்வீகக் கரிசல் ஆறு ஏக்கரில் இயற்கை விவசாயம் தொடங்கியபோது, கடனில் வண்டி எடுப்பதில்லை என்று முடிவு பண்ணினேன். கைக்காசுக்குக் கிடைத்தது 1994 மாடல் மகிந்திரா எம்.எம். 540. பிஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி. சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. 1940களின் கடைசியில் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்த காலத்து அமைப்புத்தான் அடியில் பெரும்பாலும்: ஏணி மாதிரி சேஸிஸ், முன்னும் பின்னும் முழு அச்சு, பட்டை ஸ்பிரிங். கழற்றினால் காரணம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் நாம் கழற்றிப் பார்க்கணும், அல்லது குனிந்தாவது பார்க்கணும். நான் குனியவில்லை.

முன் அச்சுக்குள் தண்ணீர் எப்படிப் போனது? ஓட்டை எதுவும் இல்லை. ஓடிவந்த வண்டியில் அச்சும் எண்ணெயும் நல்ல சூட்டில் இருக்கும். சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேற அச்சின் மேல்பக்கம் ஒரு சின்ன மூச்சுக்குழல் வைத்திருப்பார்கள், பிரீத்தர் என்பார்கள். சூடான அச்சு குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கியதும் உள்காற்று சட்டென்று சுருங்கி, வெளியில் இருந்து இழுக்கும். பிரீத்தர் திறந்திருந்து தண்ணீருக்கு மேலேயும் இருந்தால் காற்றை இழுக்கும். என் வண்டியில் அது கரிசல் மண் அப்பி, காய்ந்து, கல்லாகி இருந்தது. வேறு வழி இல்லாமல் ஆயில் சீல் உதடு வழியாகத் தண்ணீரையே இழுத்துவிட்டது. சீல் உள்ளே இருக்கும் எண்ணெயைத் தடுக்கத்தான் செய்தது, வெளித்தண்ணீரை உறிஞ்சும்போது அது என்ன செய்யும்?

இப்போது மூன்று பிரீத்தர்களுக்கும் (முன் அச்சு, பின் அச்சு, கியர் பெட்டி) அரை அங்குலத்துக்கும் மெலிந்த ரப்பர் குழாய் மாட்டி, இன்ஜின் அறைக்குள் உயரத்தில் கட்டிவிட்டேன். முனையைக் கீழே பார்க்க வளைத்து, ஒரு துண்டு பஞ்சு வலை வைத்திருக்கிறேன். செலவு முந்நூறு ரூபாய்க்குள். குழாய் மாட்ட வசதிப்படாவிட்டால் மாதம் ஒருமுறை அந்தச் சின்ன மூடியை விரலால் திருகிப் பாருங்க. சுலபமாகச் சுற்றணும், தட்டினால் கலகலக்கணும். அசையாவிட்டால் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு ஊதி மாட்டுங்க.

தண்ணீரில் இறங்கிவிட்டால் அன்றே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. வீலின் நடுமையம் முங்கியிருந்தால் டிபரன்ஷியலும் முங்கியாச்சு என்று எடுத்துக்கொள்ளுங்க. ராத்திரி முழுக்க வண்டியைச் சமதரையில் நிறுத்துங்க. எண்ணெயைவிடத் தண்ணீர் கனம், விடிவதற்குள் பெரும்பகுதி அடியில் இறங்கிவிடும். காலையில் அடிப் பிளக்கை மெதுவாக நெகிழ்த்தினால் முதலில் வருவது தண்ணீரா எண்ணெயா என்று தெரிந்துவிடும். சில அச்சுகளில் அடிப் பிளக் இருக்காது. பக்கவாட்டில் எண்ணெய் ஊற்றும் துளையில் சுண்டுவிரலை வளைத்து உள்ளே விட்டு எடுத்து, நிறத்தைப் பாருங்க. வெளுத்திருந்தால் முழுக்க வடித்து, புது எண்ணெய் ஊற்றி, பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, அதையும் வடித்து மறுபடி ஊற்றணும். இரண்டு தடவை எண்ணெய் வாங்குகிற காசு எரிச்சலாகத்தான் இருக்கும். அதை அன்றைக்கே செய்திருந்தால் 23,400 மிச்சம்.

என் வண்டியில் முன் சக்கரத்துக்கு ஃப்ரீ வீல் ஹப் கிடையாது. அதனால் தார் ரோட்டில் இரண்டு வீலில் ஓடும்போதும் முன் அச்சு உள்ளுக்குள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். "முன்னாடி வேலை செய்யல, எண்ணெய் எதுக்கு" என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருவன்.

அடுத்த விஷயம், நாலு வீலை எப்போது போடுவது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடும், பின் சக்கரங்கள் சின்ன வட்டம். பழைய ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிபரன்ஷியல் இல்லை. நாலு வீல் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாகணும். சகதியிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தார் ரோட்டில் வழுக்க வழியில்லை. முறுக்கு முழுவதும் புரொப்பல்லர் ஷாஃப்ட், கிராஸ், கியர் பல்லில் ஏறி நிற்கும். அப்போது லீவரும் கழலாது. பலத்தைப் போட்டு இழுக்காதீங்க. நேராக நாலடி பின்னால் எடுத்தால் முறுக்கு இறங்கி லீவர் தானாக வரும். இதே காரணத்தால்தான் நாலு டயரும் ஒரே அளவு, கிட்டத்தட்ட ஒரே தேய்மானம் இருக்கணும். முன்னால் புது டயர், பின்னால் மொட்டை டயர் என்றால் நேர்ப் பாதையிலேயே முறுக்கு ஏறும்.

நாலு வீல் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அதில் முன் டயர் சிறிது என்றாலும், முன் சக்கரம் தரையில் பின் சக்கரத்தைவிடக் கொஞ்சம் முந்தி ஓடும்படி கணக்குப்போட்டு வைத்திருக்கிறார்கள். தார் ரோட்டில் அப்படியே ஓட்டினால் முன் டயர் சீக்கிரம் மொட்டையாகும். டயர் மாற்றும்போது கண்டபடி அளவை மாற்றினாலும் கணக்கு கெடும்.

சகதிக்கு முன்னாலேயே நாலு வீலைப் போட்டு, வேணுமானால் லோவும் போட்டு, இரண்டாவது கியரில் ஒரே சீராகப் போகணும். சிக்கிய பிறகு போட்டு உறுமினால் குழிதான் ஆழமாகும். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நன்றாக ஊறிய கரிசலில் எந்த வண்டியும் செல்லாது. டயர் வெட்டுக்குள் மண் அடைந்து நாலு சக்கரமும் நாலு உருண்டையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நான் தார் ரோட்டு ஓரத்திலேயே ஜீப்பை விட்டுவிட்டு நடந்து போகிறேன். ஈர வயலுக்குள் வண்டியை விட்டால் தடம் விழுந்த இடத்தில் மண் இறுகி, அடுத்த கோடையில் அந்த இரண்டு கோட்டிலும் பயிர் குட்டையாக நிற்கும். மண்புழுவுக்காகப் பார்த்துப் பார்த்து மூடாக்குப் போட்டுவிட்டு, அதன் தலையில் ஒரு டன்னுக்கு மேல் வண்டியை ஏற்றுவது என்ன நியாயம்?

சகதிக்குப் போய்வந்தால் ரிம்மின் உள்பக்கம் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிவிடுங்க. காய்ந்த கரிசல் ஒரு பக்கம் அரைக் கிலோ ஒட்டியிருந்தாலே போதும், 50 வேகத்தில் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடும். மண்ணை எடுத்தும் ஆடினால் கிங் பின், வீல் பேரிங், டை ராட் முனை என்று பார்க்கணும். ஜாக்கி போட்டு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்க. லொடலொடவென்றால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங் பின். பட்டறையில் "எல்லாத்தையும் மாத்தணும்" என்று சொல்வதற்கு முன்னால் இந்த ஒரு சோதனை உங்களுக்குக் காசு மிச்சம் பண்ணும். கரிசலில் ஜாக்கி புதையும், அடியில் அகலமான கட்டை கொடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீங்க. சேஸிஸுக்குக் கீழே கட்டையோ கல்லோ முட்டுக்கொடுத்த பிறகுதான்.

கிரீஸ் நிப்பிள்களுக்கு நான் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பெயிண்ட் பொட்டு வைத்திருக்கிறேன். ஆள் அடிக்கும்போது ஒன்றை விட்டாலும் தெரிந்துவிடும். பழைய கறுப்பு கிரீஸ் பிதுங்கிப் புதுசு எட்டிப்பார்க்கும்வரை அடிக்கணும். தண்ணீரில் இறங்கிய அன்றே அடித்தால் உள்ளே புகுந்த தண்ணீரையும் அது தள்ளிக்கொண்டு வரும்.

இனி டீசல். காலையில் ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிஷத்தில் அணைந்தால், அல்லது மேட்டில் ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கினால், பெரும்பாலும் லைனில் காற்று. பம்புக்கு வரும் பாதையில் டீசல் உறிஞ்சப்படுவதால், வெளியே ஒழுகாத இடமும் உள்ளே காற்றை விடும். டேங்கில் இருந்து ஒவ்வொரு ரப்பர் குழாயாக, ஒவ்வொரு செம்பு வாஷராகப் பாருங்க. காற்றை எடுக்க, ஃபில்டர் மேல் இருக்கும் திருகை நெகிழ்த்தி, குமிழி நிற்கும்வரை கை பம்பை அடித்து, டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே இறுக்கணும். அப்படியும் பிடிக்காவிட்டால் இஞ்செக்டர் நட்டை நெகிழ்த்தி செல்ஃப் அடிப்பார்கள். அந்த இடத்தில் விரலைக் கொண்டுபோகாதீங்க. அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலுக்குள் புகுந்துவிடும், பார்க்க ஊசிக்குத்து மாதிரி இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். ஃபில்டர் கிண்ணத்தில் தேங்கும் தண்ணீரை மாதம் ஒருமுறை வடித்துவிடுங்க.

எனக்கு ஒழுகியது இஞ்செக்டரில் இருந்து டேங்குக்குத் திரும்பும் குழாய். பின் இருக்கைப் பக்கம் சொட்டு சொட்டாக. சின்ன ஒழுகல்தானே என்று துணி சுற்றி வைத்திருந்தேன். அந்த வருஷம் வெள்ளத்துக்குத் தப்பிய உளுந்து ஏழு மூட்டை. மூன்றை முன் அச்சு சத்தம் போடுவதற்கு முந்தின வாரம் மதுரையில் ஓர் இயற்கை அங்காடிக்கு ஏற்றிப் போனேன். கடைக்காரர் சாக்கில் கைவிட்டு எடுத்து முகர்ந்தார். ஒன்றும் பேசாமல் என் பக்கம் நீட்டினார். டீசல் வாடை. "சார், நீங்க மருந்தடிக்கலன்னு எனக்குத் தெரியும். வாங்குறவுகளுக்கு எப்படிச் சொல்வேன்?" மூன்று மூட்டையும் திரும்பி வந்தது. நாலு வருஷம் ரசாயனம் தொடாமல் பாடுபட்ட உளுந்து, இருபது ரூபாய் ரப்பர் குழாயால். வீட்டில் வெயிலில் காயவைத்துப் பார்த்தோம், வாடை போகவில்லை. சாப்பிடவும் மனசில்லை, விற்கவும் மனசில்லை. விதைக்கும் சந்தேகம். கடைசியில் குழி வெட்டிப் புதைத்தோம்.

அதற்குப் பிறகு சரக்கு ஏற்றும் இடத்தில் தகரம் விரித்து மேலே தார்ப்பாய். டீசல் கேன், கிரீஸ் டப்பா எதுவும் மூட்டையோடு போகாது.

கழிவு எண்ணெயையும் இங்கேயே சொல்லிவிடணும். கரையானுக்கு வேலிக்கம்பில் பூசுவது, தொழுவத்து உத்திரத்தில் தடவுவது என்று எங்கள் பக்கம் பழக்கம் உண்டு. அதில் தேய்ந்த உலோகமும் எரிந்த கசடும் இருக்கும். மழையில் கழுவி மண்ணுக்கும் கிணற்றுக்கும்தான் போகும். 2016 அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய எண்ணெயும் வருகிறது. நான் கேனில் சேர்த்துவைத்து, அடுத்த தடவை பட்டறைக்குப் போகும்போது அவர்கள் பீப்பாயில் ஊற்றிவிடுகிறேன். மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்கள் அங்கே வந்து வாங்கிக்கொள்கிறார்கள்.

ஒரு கணக்கும் சொல்கிறேன், பழைய தொழில் விடவில்லை. சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் முடிந்தால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரலில் இந்தக் கட்டணம் கார், ஜீப்புக்கு 600-ல் இருந்து 5,000 ரூபாய் ஆனது. அதோடு பசுமை வரி, இன்சூரன்ஸ், தகுதிப் பரிசோதனைக்கு முன் செய்யும் வேலைகள். பழைய வண்டி மலிவு என்று நினைத்து வாங்குகிறவர்கள் இதையும், வருஷத்துக்கு ஒரு பெரிய ரிப்பேரையும் தனியே எடுத்துவைத்துவிட்டு வாங்குங்க. நான் மாதம் 1,500 ஒதுக்குகிறேன். முன் அச்சு வருஷம் தவிர அது போதுமானதாக இருந்தது.

இந்த ஆவணியில், மழைக்கு முன், மூன்று இடத்து எண்ணெயையும் விரல்விட்டுப் பார்த்தேன். நிறம் சுத்தமாக இருக்கிறது. இரண்டாவது கியர் மட்டும் இறக்கத்தில் நழுவுகிறது. அண்ணாச்சி பெட்டியைப் பிரிக்கணும் என்கிறார். உளுந்து விதைப்பு முடிந்ததும் பிரிக்கிறோம், உள்ளே என்ன இருந்தது என்று எழுதுகிறேன்.