சுவரில் படரும் பூசணம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குச் சாரல் ஓய்ந்து சுவர்கள் உலர்வதற்குள் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஓயாமல் வீசும் முப்பந்தல் பக்கத்தில் வீடுகள் சீக்கிரம் காய்ந்துவிடுகின்றன. திருவட்டாறு, குலசேகரம் போன்ற ரப்பர் தோட்ட ஊர்களில் அப்படியில்லை; அலமாரிக்குப் பின்னால், குளியலறைக் கூரையில், மூலைச் சுவரில் பூசணம் பிடிக்கிறது. அதன் நுண்வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதப்பவை. மரம், காகிதம், பெயின்ட், தூசி எல்லாம் அதற்கு உணவு. முளைக்க அது காத்திருப்பது ஈரத்துக்குத்தான். சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் போதும்.

சுவரில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூசணம் என்று பலர் எண்ணுகிறார்கள். தரையிலிருந்து ஓதம் ஏறும் சுவர்களில், குறிப்பாகக் கடலோர ஊர்களில், அது பெரும்பாலும் உப்பு. விரலால் தேய்த்தால் நறநறக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கரைந்துவிடும். பூசணம் கரையாது, வழவழப்பாக அப்பிக்கொள்ளும், மக்கிய வாடையும் அடிக்கும். உப்பு பூத்த சுவரைச் சும்மா விட்டுவிடலாம் என்பதில்லை. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பூசணத்துக்கு அதுவே இடம் கொடுக்கும்.

கறுப்புப் பூசணம் மட்டுமே விஷம், பச்சையும் சாம்பலும் தீங்கற்றவை என்பது இன்னொரு நம்பிக்கை. நிறத்தை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமல், மூச்சிழுப்பு, ஆஸ்துமா ஆகியவை கூடுதலாகக் காணப்படுவதைச் சொல்கிறது. நிற வேறுபாடு எதையும் அது பார்ப்பதில்லை. கண்ணில் பட்டாலோ வாடை அடித்தாலோ அகற்ற வேண்டியதுதான். ஆய்வகச் சோதனைக்குச் செலவழிப்பதைவிட ஒழுகும் குழாயைச் சரிசெய்வது மேல்.

ப்ளீச்சிங் பவுடர் போட்டால் ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கைதான் மிகப் பரவலானது, அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. பூசண இழைகள் காரைக்குள்ளும் மரத்துக்குள்ளும் இறங்கியிருக்கும். ப்ளீச்சிங் கரைசலின் குளோரின் மேற்பரப்பிலேயே செலவாகிவிட, தண்ணீர் மட்டும் உள்ளே போகிறது. சுவர் வெளுத்துவிடும், அடுத்த மழையில் அதே இடத்தில் கறை திரும்பி வரும். டைல்ஸ் போன்ற வழுவழுப்பான பரப்பில் அது பலன் தரும். ஆனால் கழிப்பறை கழுவும் ஆசிட்டுடன் ஒருபோதும் கலக்கக் கூடாது; கிளம்பும் குளோரின் வாயு அடைத்த குளியலறையில் ஆளையே வீழ்த்திவிடும். செத்த வித்துகளும் ஒவ்வாமை தருபவை. ஆகவே கொல்வதைவிடத் துடைத்து வெளியேற்றுவதே முக்கியம். காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் வீடெங்கும் பறக்கும். முதலில் சோப்புத் தண்ணீரால் நனைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி வெளியே போட வேண்டும். என்95 முகக்கவசமும் கையுறையும் தேவை. மின்விசிறி போடுவது துடைத்த பிறகுதான். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

சாம்பிராணிப் புகை பூசணத்தைக் கொல்லும் என்ற எண்ணம் இந்த மாவட்டத்தில் தோன்றியதற்குக் காரணம் உண்டு. ரப்பர் ஷீட்டைப் புகைக்கூண்டில் போட்டால் பூசணம் பிடிப்பதில்லை என்பதை ஊரே பார்த்திருக்கிறது. அங்கே நடப்பது வேறு. 40 முதல் 60 டிகிரி வெப்பத்தில் நாலைந்து நாட்கள் ஷீட் உலர்கிறது. விறகுப் புகையின் தார்ப்பொருள்களும் அதன்மேல் படிகின்றன. பத்து நிமிடச் சாம்பிராணி சுவரை உலர்த்துவதில்லை. வாடையை மறைத்து, ஏற்கெனவே இழுப்பு உள்ள பிள்ளைக்கு மேலும் மூச்சுத் திணற வைக்கும். அலமாரியில் போடும் அந்துருண்டையும் பூச்சிக்கு மட்டுமே ஆகும்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது பாதி உண்மை. மழை விட்டு வெயில் அடிக்கும் உச்சி நேரத்தில் திறப்பது நல்லது. கொட்டும் மழையில் திறந்தால் ஈரக்காற்றுதான் உள்ளே வரும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்று, ஏறத்தாழ 26 டிகிரிச் சுவரைத் தொட்டாலே நீராகப் படியும். ஏசியை 22இல் வைத்துத் தூங்கிவிட்டுக் காலையில் கதவு திறக்கும் அறைகளில் சுவர் வியர்ப்பது இதனால்தான்.

ஈரம் வெளியிலிருந்து கசிகிறதா, காற்றிலிருந்து படிகிறதா என்று அறிய எளிய வழி உண்டு. ஓரடிச் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். தாளின் உட்புறம் நனைந்திருந்தால் சுவருக்குள் கசிவு. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். முதலாவதற்குத் தட்டட்டி விரிசலையும் அடைத்த மழைநீர்க் குழாயையும் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு எக்ஸாஸ்ட் விசிறி வேண்டும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைக்கவும் அறைக்குள் துணி காயப்போடுவதை நிறுத்தவும் வேண்டும்.

மேலே பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும் என்று நம்பி ஒவ்வொரு ஆண்டும் செலவழிப்பவர்கள் நிறையப் பேர். ஈரச்சுவர்மேல் அடித்த எமல்ஷன் சில மாதங்களில் கொப்புளித்து உரியும்; பூசணம் அந்தப் பெயின்டையே தின்னும். சுண்ணாம்பு அடித்த பழைய சுவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. புதுச் சுண்ணாம்பின் கடும் காரத்தில் பூசணம் முளைக்காது, சுவரும் தன் ஈரத்தை வெளியே விடும். காற்றில் அந்தக் காரம் தணிந்துவிடுவதால்தான் மீண்டும் மீண்டும் வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது. தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையில் நீண்டு இறங்கும் ஓட்டுக்கூரை சுவரைச் சாரலிலிருந்து காக்கிறது; மர அழிகளினூடே காற்று ஓடுகிறது. இறவாணமே இல்லாத இன்றைய கான்கிரீட் வீடுகளுக்குக் குறைந்தபட்சம் ஜன்னல்மேல் சன்ஷேடாவது அகலமாக வேண்டும்.

வெள்ளம் புகுந்த வீட்டில் வெயில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருப்பதும் தவறு. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்த மாவட்டத்தில் பெய்த பெருமழை போன்ற நேரங்களில் கணக்கு நாளில் இல்லை, மணியில் இருக்கிறது: நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூசணம் பிடிக்கத் தொடங்கும். தேக்கு, பலா மரச்சாமான்களையும் பாத்திரங்களையும் கழுவி உலர்த்தி மீட்கலாம். வெள்ளநீர் ஊறிய பஞ்சு மெத்தை, தலையணை, பிளைவுட் அலமாரி ஆகியவற்றை விட்டுவிட வேண்டியதுதான். சுவரில் ஊதி நிற்கும் காரையைக் கொத்தி எடுத்து, செங்கல் காய்ந்த பிறகே மறுபடி பூச வேண்டும். அதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம்.