பல கைகள் எழுதும் களஞ்சியம்

ஒரு சொல்லின் பொருள் தெரிய வேண்டுமானால் அகராதியைப் புரட்டுகிறோம். ஒரு பொருளைப் பற்றிய செய்தி வேண்டுமானால் கலைக்களஞ்சியத்தை நாடுகிறோம். அந்தக் களஞ்சியத்தை எழுதுபவர் யார்? அவர் எழுதியது சரிதான் என்பதற்கு உறுதி என்ன? ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத பலர் கூடி, கூலி எதுவும் பெறாமல், ஒரு களஞ்சியத்தை எழுத முடியுமா? முடியும் என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. அது எவ்வாறு இயங்குகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒருவர், ஒரு குழு, ஓர் ஊர்

தமிழில் களஞ்சியம் தொகுத்த வரலாற்றை மூன்று படிகளாகப் பிரிக்கலாம்.

முதற்படி, தனி மனிதரின் உழைப்பு. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் 'அபிதான கோசம்' 1902ஆம் ஆண்டு வெளிவந்தது. சென்னையில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. ஒரே மனிதர் இவ்வளவு செய்தாரா என்று இன்றும் வியக்கிறோம். ஆனால், ஒருவர் எவ்வளவு கற்றவராயினும் எல்லாத் துறையும் அறிந்தவராக இருக்க முடியாது அல்லவா?

இரண்டாம் படி, அறிஞர் குழு. தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் முயற்சியால் 1946இல் தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 'கலைக்களஞ்சியம்' என்னும் பெருநூலைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. முதல் தொகுதி 1954இலும், பத்தாம் தொகுதி 1968இலும் வந்தன. அந்தந்தத் துறை வல்லுநர் எழுத, பதிப்புக் குழு திருத்த, அச்சகம் அச்சிட்டது. நம்பகமான முறைதான். ஆயினும் முதல் தொகுதிக்கும் கடைசித் தொகுதிக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. அச்சான பக்கத்தில் ஒரு பிழை இருந்தால், அடுத்த பதிப்பு வரும் வரை அது அங்கேயே இருக்கும்.

மூன்றாம் படியில், ஊரே கூடி எழுதத் தொடங்கியது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்கு ஒரு முன்னோடி. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கலியாணசுந்தரம் அவர்களின் ஒருங்கிணைப்பில், உலகின் பல மூலைகளிலிருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைப் பங்கிட்டுக் கணினியில் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் தட்டச்சு செய்ததை மற்றொருவர் மெய்ப்புப் பார்த்தார். ஊதியம் இல்லை, தேர் இழுப்பது போல ஆளுக்கொரு கை கொடுத்தார்கள்.

விக்கி என்னும் முறை

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நியூபீடியா என்ற இணையக் களஞ்சியம் தொடங்கப்பட்டது. வல்லுநர்கள் பல கட்டங்களாகச் சரிபார்த்த பிறகே கட்டுரை வெளியாகும் என்பது அதன் விதி. விதி நன்றாக இருந்தது. ஆனால் கட்டுரைகள் மிகச் சிலவே வந்தன. எனவே ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற முறையில் விக்கிப்பீடியாவைத் தொடங்கினர். 'விக்கி' என்பது விரைவு எனப் பொருள்படும் ஹவாய் மொழிச் சொல். வார்டு கன்னிங்காம் என்ற கணினி அறிஞர் 1995இல் தாம் அமைத்த மென்பொருளுக்கு அப்பெயரை இட்டார்.

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தோன்றியது. அதே ஆண்டின் இறுதியில் அதில் சேர்ந்தவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து வளைகுடா நாட்டில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். பக்கத்தில் தோன்றும் 'தேடுக', 'சேமிக்க' போன்ற கட்டளைச் சொற்கள் தமிழில் அமைய அவர் உழைத்தார். பின்னர் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. மெல்ல மெல்லத் தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மேலைநாடுகள் எங்குமிருந்து மற்றவர்கள் வந்து சேர்ந்தனர். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் கட்டுரைகளின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைத் தொட்டது. இன்று அது ஒன்றரை இலட்சத்தையும் கடந்துவிட்டது.

நேமத்தான்பட்டிக்கு ஒரு கட்டுரை

இம்முறை எப்படி வேலை செய்கிறது என்று ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். காரைக்குடி வட்டாரத்தில் நேமத்தான்பட்டி என்னும் செட்டிநாட்டு ஊர் இருக்கிறது. அவ்வூர் மாணவர் நால்வர் தங்கள் ஊரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதாகக் கற்பனை செய்து கொள்வோம்.

முதல் மாணவர், "நேமத்தான்பட்டி சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது" என்று எழுதுகிறார். இரண்டாம் மாணவர் தம் வீட்டுப் பெட்டியிலிருந்த பழைய பத்திரத்தைப் பார்த்துவிட்டு, அதை "இராமநாதபுரம் மாவட்டம்" என்று மாற்றுகிறார். முதலாமவர் மீண்டும் பழையபடி மாற்றுகிறார். இப்படி மாறி மாறி அழிப்பதைத் 'தொகுப்புப் போர்' என்பார்கள். இதில் யார் சொல்வது சரி?

இருவரும் சரிதான்! 1985ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரை இப்பகுதி முழுதும் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. பிறகு பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரின் பெயரால் தனி மாவட்டம் ஆயிற்று. 1997இல்தான் சிவகங்கை மாவட்டம் என்று பெயர் மாறியது. ஆகவே, ஆண்டைக் குறிப்பிட்டு இரண்டு செய்திகளையும் எழுதிவிட்டால் சண்டை தீர்ந்தது. கட்டுரையும் முன்னைவிடச் செழுமை பெற்றது. கருத்து வேறுபாடு எப்போதும் தீமையன்று. விடுபட்டுப்போன ஒரு செய்தியை அது சுட்டிக் காட்டக் கூடும்.

மூன்றாம் மாணவர், "செட்டிநாட்டிலேயே அழகான வீடுகள் எங்கள் ஊரில்தான்" என்று எழுதுகிறார். பக்கத்து ஊர்க்காரர் இதை ஒப்புவாரா? அழகு என்பது கருத்து. உண்மைச் செய்தி அன்று. 'நடுநிலை நோக்கு' என்பது களஞ்சியத்தின் முதல் விதி. வீடுகளின் முகப்பு, வளவு, ஆத்தங்குடிக் கல் பாவிய தளம் ஆகியவற்றை விவரிக்கலாம். தீர்ப்புச் சொல்லும் வேலையை வாசகருக்கு விட்டுவிட வேண்டும்.

நான்காம் மாணவர், சுவர்ச் சாந்தில் முட்டை வெண்கரு கலந்ததாகப் பாட்டி கூறியதை எழுதுகிறார். பாட்டி பொய் சொல்லமாட்டார். ஆனால் கனடாவில் இருக்கும் ஒரு வாசகர் அதை எப்படிச் சரிபார்ப்பார்? எனவே அவ்வரியின் பக்கத்தில் 'சான்று தேவை' என்று ஒருவர் குறித்து வைக்கிறார். இது அவமதிப்பு அன்று. அச்சான நூல் ஒன்றில் இச்செய்தி இருந்தால் அதன் பெயரையும் பக்கத்தையும் தாருங்கள் என்ற வேண்டுகோள். இதுவே 'மெய்யறிதன்மை' என்னும் இரண்டாவது விதி.

இவ்விதியில் ஒரு வருத்தமும் உண்டு. அச்சேறாத அறிவு களஞ்சியத்திலும் ஏற முடியாது. கிராமத்து முதியவர்களின் நினைவில் மட்டும் இருப்பவை அவர்களோடு மறைந்துவிடும். ஆகவே, எழுதுவதற்கு முன்னால் சேர்த்து வைப்பவர்கள் தேவைப்படுகிறார்கள். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அத்தகையவர். நூல்கள், இதழ்கள், நாடக விளம்பரங்கள், அழைப்பிதழ்கள் என்று பிறர் தூக்கி எறிந்தவற்றையும் அவர் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு பாதுகாக்கப்பட்டு, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. இன்று தமிழில் சான்று தேடுவோர் பலர் அங்குதான் செல்கிறார்கள்.

ஆலமரத்தடி

விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று வரலாற்றுப் பக்கம். யார், எப்போது, எந்த எழுத்தை மாற்றினார் என்பது அதில் பதிவாகும். விஷமி ஒருவர் பக்கம் முழுவதையும் அழித்தாலும், பழைய வடிவத்தை ஒரு நொடியில் மீட்டுவிடலாம். கெடுப்பது எளிது, சரிசெய்வது அதைவிட எளிது என்பதே இம்முறையின் வலிமை. மற்றொன்று உரையாடல் பக்கம். ஏன் மாற்றினோம் என்று காரணம் கூறி வாதாட வேண்டிய இடம் அது.

பொதுவான செய்திகளைப் பேசும் இடத்திற்குத் தமிழ் விக்கிப்பீடியர் வைத்துள்ள பெயர் 'ஆலமரத்தடி'. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசும் இடம் அல்லவா? பொருத்தமான பெயர்தான். ஆனால் ஒரு வேறுபாடு: இங்கே வயதுக்கும் பட்டத்துக்கும் தனி மதிப்பு இல்லை. பத்தாம் வகுப்பு மாணவி காட்டும் சான்று சரியாக இருந்தால், பேராசிரியரின் வரியும் திருத்தப்படும்.

இங்கு நடந்த வாதங்கள் பல. தமிழ்நாட்டில் வேதியியல் என்பதை இலங்கையில் இரசாயனவியல் என்பர். நாம் ஆக்சிஜன் என்பதை அவர்கள் ஒட்சிசன் என்பர். ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகளைப் பயன்படுத்தலாமா என்பதும் நீண்ட விவாதம். ஒரு சாரார் வென்று மறு சாரார் வெளியேறியிருந்தால், எழுதுவோர் பாதியாகக் குறைந்திருப்பார்கள். அதனால் 'வழிமாற்று' என்ற எளிய உத்தி உதவியது. வாசகர் எந்தச் சொல்லைத் தேடினாலும் அது ஒரே கட்டுரைக்குக் கொண்டு சேர்க்கும். கட்டுரையின் தொடக்கத்தில் மற்றப் பெயரையும் தந்துவிடலாம்.

ஒரு சிறு கணக்கு

பலர் பார்த்தால் பிழை குறையும் என்கிறோம். எவ்வளவு குறையும்? கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது. படிப்பவர் அதைக் கண்டு திருத்துவதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்று என்று கொள்வோம். ஒருவர் படித்த பின்னும் பிழை எஞ்சியிருக்கும் வாய்ப்பு 0.9. இருவர் படித்த பின் 0.9 × 0.9 = 0.81. பத்துப் பேர் படித்த பின் ஏறத்தாழ 0.35. இருபத்திரண்டு பேர் படித்தால் 0.10. நாற்பத்து நான்கு பேர் படித்தால் 0.01 மட்டுமே. அதாவது, கூர்ந்த அறிவுடைய ஒருவர் இல்லாவிட்டாலும், சுமாரான கவனமுடைய நாற்பத்து நான்கு பேர் சேர்ந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை பிழை பிடிபட்டுவிடும்.

நடைமுறையும் இதற்கு ஒத்து வருகிறதா? 2005ஆம் ஆண்டு 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழ், ஆங்கில விக்கிப்பீடியாவிலும் பிரிட்டானிக்காவிலும் உள்ள 42 அறிவியல் கட்டுரைகளை வல்லுநரிடம் கொடுத்து ஒப்பிட்டது. சராசரியாகக் கட்டுரைக்கு விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகளும், பிரிட்டானிக்காவில் மூன்று பிழைகளும் இருந்தன. பிரிட்டானிக்கா நிறுவனம் இவ்வாய்வின் முறையைக் கடுமையாக மறுத்தது என்பதையும் சேர்த்தே அறிய வேண்டும்.

கணக்கு தோற்கும் இடம்

நம் கணக்கில் இரண்டு எடுகோள்கள் ஒளிந்துள்ளன. முதலாவது, படிப்பவர்கள் ஒருவரையொருவர் சாராதவர்கள் என்பது. எல்லாரும் ஒரே தவறான நூலைப் படித்தவர்களானால், ஆயிரம் பேர் பார்த்தாலும் பிழை தப்பிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. களஞ்சியத்தில் உள்ள பிழையைப் பார்த்து ஒரு செய்தித்தாள் எழுதும். பிறகு அச்செய்தித்தாளையே சான்றாகக் காட்டிக் களஞ்சியம் நிற்கும். பாம்பு தன் வாலைத் தானே விழுங்கும் கதை இது.

இரண்டாவது, படிக்க ஆள் இருக்கிறார்கள் என்பது. 2005ஆம் ஆண்டு ஜான் சீகந்தாலர் என்ற அமெரிக்க இதழாளரைக் கொலைச் சதியோடு தொடர்புபடுத்தி, ஒருவர் விளையாட்டாகப் பொய் எழுதினார். அப்பக்கத்தை அதிகம் பேர் கவனிக்காததால், அப்பொய் நான்கு மாதங்களுக்கு மேல் அங்கேயே இருந்தது. இது ஆங்கிலத்தில் நடந்தது. தமிழ் பேசுவோர் கோடிக்கணக்கில் இருந்தாலும், தமிழ் விக்கிப்பீடியாவில் மாதந்தோறும் எழுதுவோர் சில நூறு பேரே. சூரியனைப் பற்றிய கட்டுரையைப் பலர் பார்ப்பார்கள். நேமத்தான்பட்டியைப் பற்றிய கட்டுரையை யார் பார்ப்பார்கள்? அதிலுள்ள பிழையைக் காணும் கண் பெரும்பாலும் அவ்வூரில்தான் இருக்கும். அந்தக் கண் கவனிக்காமல் இருந்தால், பிழையே ஊரின் வரலாறாக நிலைத்துவிடும். இன்று பலவகைக் கணினிக் கருவிகளும் விக்கிப்பீடியாவிலிருந்தே செய்திகளை எடுத்துக் கொள்வதால், ஒரு பக்கத்துப் பிழை நூறு இடங்களுக்குப் பரவக் கூடும்.

ஆகவே, களஞ்சியத்தைப் படிப்பவர் என்பதோடு நின்றுவிடாதீர்கள். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவதும், ஒரு சான்றைச் சேர்ப்பதும், உங்கள் ஊர் ஊருணியின் படத்தை விக்கி பொதுவகத்துக்கு அளிப்பதும் பங்களிப்பே. அங்கு எழுதும்போது உங்கள் முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றை வெளியிடாதீர்கள், புனைபெயரே போதும். பிறர் நூலை வரிக்கு வரி எடுத்து எழுதாதீர்கள். செய்தியை அறிந்து, சொந்த நடையில் எழுதி, எடுத்த இடத்தைச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் ஊரைப் பற்றிய கட்டுரை தமிழ் விக்கிப்பீடியாவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சான்று உள்ள வரிகளையும் இல்லாத வரிகளையும் தனித்தனியே எண்ணுங்கள்.

2. அக்கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, முதல் வடிவத்தையும் இன்றைய வடிவத்தையும் ஒப்பிடுங்கள். எந்த மாற்றம் கட்டுரையை மேம்படுத்தியது?

3. கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டு மலர், ஊர் நூலகத்துப் பழைய நூல்கள் ஆகியவற்றிலிருந்து ஊரைப் பற்றி ஐந்து செய்திகளைத் தொகுத்து, நூலின் பெயர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றுடன் எழுதுங்கள். இரண்டு நூல்கள் முரண்பட்டால் என்ன செய்வீர்கள்?

4. பிழையைக் காணும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று எனக் கொண்டால், பிழை எஞ்சும் வாய்ப்பு 0.10ஐவிடக் குறைய எத்தனை பேர் படிக்க வேண்டும்? (விடை: 11 பேர்.)