தீனியை ஒதுக்கும் குதிரை

கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் இன்று குதிரை வளர்ப்போர் சிலரே. வண்டிப் பந்தயத்தில் உள்ள பிரியத்தால் வாங்குவோரே அவர்களில் பலர். உழவு மாட்டோடு பழகிய நமது அங்கத்தினர், மாட்டுக்குப் போடும் சோளத்தட்டையையே குதிரைக்கும் போடுகின்றனர். அது முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. "திமிர் பிடித்த குதிரை, இரண்டு நாள் பட்டினி போட்டால் தானே தின்னும்" என்று அக்கம்பக்கத்தார் யோசனை கூறுகின்றனர். அந்த யோசனையைக் கேட்கவேண்டாம் என்று சொல்லவே இதனை எழுதுகிறோம்.

அங்கத்தினர் ஒருவர் அழைத்ததன்பேரில் பங்குனி மாதத்தில் அவர் தொழுவுக்குச் சென்றிருந்தோம். படப்பின் மேற்புறம் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. கையை உள்ளே விட்டு ஒரு பிடி இழுத்தோம், கறுத்துக் கட்டியாய் வந்தது, வெண்தூள் பறந்தது. கார்த்திகை மழை உச்சி வழியாக இறங்கியிருக்கிறது. நூலை ஈரத்தோடு அடுக்கிவைத்தால் எழும் வாடையை நம் நெசவாளர் அறிவர், அதே வாடை. அவரோ அத்தட்டையை நறுக்கி, அவித்த கொள்ளோடு பிசைந்து ஊட்டியிருந்தார். கொள்ளின் ஆசையால் குதிரை தின்றது. அன்றிரவே முன்காலால் தரையைப் பறித்து, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, படுத்துப் புரளத் தொடங்கியது. கால்நடை மருத்துவர் வேளையோடு வந்ததால் பிழைத்தது. நாம் சென்றது அதற்கு மறுநாள்.

குதிரையை மாட்டைப்போல் எண்ணுவதே தவறுக்கு வேர். மாடு அசைபோடும் பிராணி; முரட்டுத் தட்டையையும் அதன் பெருவயிறு ஊறவைத்துச் செரிக்கும். குதிரையின் இரைப்பை உடலை நோக்கச் சிறியது. நார்ப்பொருள் பெருங்குடலில்தான் செரிக்கிறது. மேலும், குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. விழுங்கிய நஞ்சுக்குத் திரும்பும் வழியில்லை. ஆதலின் அது முன்கூட்டியே முகர்ந்து ஒதுக்குவதை நாம் மதிக்கவேண்டும். பட்டினி போடுவதும் கேடே. குடலில் நார்த்தீனி இடையறாது சென்றுகொண்டிருத்தல் அவசியம்.

ஒதுக்குவதற்குக் காரணம் தீனியா, நோயா என்று அறிவது எளிது. ஒரு கைப்பிடி பச்சை அறுகம்புல்லை நீட்டிப் பாருங்கள். ஆவலோடு தின்றால் குற்றம் தட்டையில் உள்ளது. மென்று உருண்டையாக்கிக் கீழே துப்பினால் பல்லைச் சோதிக்கவேண்டும். குதிரையின் கடைவாய்ப் பற்கள் தேயும்போது ஓரங்கள் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிப்பதுண்டு. எதையும் தொடாமல் விலாவைப் பார்த்தால் தீனியை அகற்றிவிட்டு மருத்துவரை அழைக்கவேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

வெறும் தூசி படிந்த புல்லாயின் உதறி, அரைமணி நேரம் தண்ணீரில் நனைத்துப் போடலாம். பூசணம் பிடித்ததை எந்தக் கருப்பட்டித் தண்ணீரும் நல்லதாக்காது. அதனை மாட்டுக்கும் போடாமல் எருக்குழியில் சேர்ப்பதே முறை. யூரியா தெளித்துப் பதப்படுத்திய வைக்கோல் மாட்டுக்கு உரியது, குதிரைக்கு ஆகாது. பச்சைச் சோளப்பயிரும் வேண்டாம். மழையின்றி வாடிய இளஞ்சோளம் மாட்டைக் கொல்லும் என்பது கரிசல்காட்டார் அறிந்ததே. குதிரைக்கோ பச்சைச் சோளத்தால் சிறுநீர்ப்பை நோயும் பின்கால் தளர்ச்சியும் வருவதுண்டு.

கொள்ளு நார்த்தீனிக்கு ஈடாகாது. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு நாலரைக் கிலோ உலர்ந்த புல்லாவது வேண்டும். புதுத் தீனிக்கு மாற்றுவதாயின் பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து 7 முதல் 10 நாட்களில் மாற்றுக.

தீனி அறியாமல் குதிரையை இழப்பது நம் சீமைக்குப் புதிதன்று. தாமிரபரணிக் கழிமுகத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் 13-ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் இறங்கின. அக்காலத்தில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டார் அவற்றுக்கு இறைச்சியும் சோறும் சமைத்து ஊட்டியதையும், வாங்கியவற்றுள் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மடிந்ததையும் எழுதியிருக்கிறார். பணத்துக்கு அன்று குறைவில்லை, பக்குவம் தெரியவில்லை.

இனி, நல்ல புல்லுக்கு வழி. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட சோள இரகங்கள் தானியத்தோடு தட்டையும் தருவன. அத்தட்டை மாட்டுக்கு நிற்கட்டும். குதிரைக்கு உலர்ந்த புல்லே வேண்டும். பூக்கத் தொடங்கும்போது அறுத்து, புரட்டிப் புரட்டி வெயிலில் காயவைத்து, முறுக்கினால் ஈரம் தெரியாத பதத்தில் அடுக்கவேண்டும். கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைத்திருக்கும்; மழை மேலிருந்து கெடுப்பதுபோல் மண் கீழிருந்து கெடுக்கும். ஆதலின் கல் பரப்பி, அதன்மேல் பருத்திமார் பரப்பிப் படப்பு போடுக.

விலைக்கு வாங்குவோர் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் ஏற்றுகூலி குறையும். எடை போடுமுன் ஒவ்வொரு கட்டின் நடுவிலும் கையை விட்டு முகர்ந்து பார்க்க ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள்.