மியாட்டா வாங்கிய தம்பிக்கு



1992 மாடல் மியாட்டா, கூரை திறக்கிற கார், அதுவும் சிவப்பு. வாழ்த்துகள். கார் வாங்கிய சந்தோஷம் அடங்குவதற்குள் இன்சூரன்ஸும் கராஜ் வாடகையும் கையைக் கடிக்க ஆரம்பித்துவிட்டன என்று எழுதியிருக்கிறாய். வார இறுதிகளில் டூரோ மாதிரி கார் பகிர்வுத் தளம் ஒன்றில் வாடகைக்கு விட்டால் கார் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளாதா என்றும் கேட்டிருக்கிறாய். பார்த்துக்கொள்ளும், பாதி வரைக்கும். மீதிப் பாதியையும் அதன் தலையில் கட்ட நினைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

காசுக் கணக்குக்கு முன்னால் விசா. நீ இன்னும் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறாய். வங்கி வட்டி, பங்கு ஈவுத்தொகை என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தாலும் வருகிற பணத்தில் சிக்கல் இல்லை. காரை வாடகைக்கு விடுவது அப்படியல்ல. வருகிறவருக்குப் பதில் எழுத வேண்டும், சாவி கொடுக்க வேண்டும், திரும்பி வந்ததும் கழுவி அடுத்தவருக்குத் தயார் செய்ய வேண்டும். இது அனுமதியில்லாமல் செய்த வேலை என்று குடிவரவு அதிகாரி எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. "நான் மூணு வருஷமா பண்றேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்ல வாட்ஸப் குழுவில் நாலு பேர் கிடைப்பார்கள். கிரீன் கார்டு நேர்காணலில் அவர்கள் யாரும் உன் பக்கத்தில் வந்து உட்காரப் போவதில்லை. குடிவரவு வழக்கறிஞர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கு. இந்த விஷயத்தில் என் பேச்சையும் நம்பாதே.

அவர் சரி என்று சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

நீ இருக்கிற கலிபோர்னியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினராக இருந்த டேவ் ஜோன்ஸ் 2010-இல் கொண்டுவந்த ஏபி 1871. 2011 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சொந்தக் காரை இப்படிப் பகிர்ந்துகொள்வதாலேயே அதை வணிக வாகனம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி முத்திரை குத்தக் கூடாது என்பது அதன் சாரம். அந்தச் சலுகைக்கு வைத்திருக்கும் நிபந்தனைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். காரிலிருந்து வருகிற ஆண்டு வாடகை, அந்தக் காரை வைத்திருக்க ஆகிற ஆண்டுச் செலவைத் தாண்டக் கூடாது. தேய்மானம், கடன் தவணை, இன்சூரன்ஸ், பார்க்கிங், பெட்ரோல், பழுதுபார்ப்பு, கழுவுகிற கூலி எல்லாம் அந்தச் செலவில் சேரும். சட்டம் எழுதுகிறவர்கள் எப்போதாவதுதான் இவ்வளவு தெளிவாக யோசிக்கிறார்கள்.

அதே சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கார் வாடகையில் இருக்கும் நேரத்தில் உன் சொந்த பாலிசி ஒதுங்கிக்கொள்ளலாம். அந்த நேரத்துக்குத் தளம் தருகிற காப்பீடுதான் உனக்குக் கவசம். அதில் பழைய காருக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்பதை எழுத்துக்கு எழுத்து படி. பெரும்பாலும் சந்தை மதிப்புதான் கொடுப்பார்கள். நீ போட்ட புது சஸ்பென்ஷனும், சீட்டுக்குத் தைத்த தோலும், தேடித் தேடி வாங்கிய பழைய ரேடியோவும் அந்தக் கணக்கில் பெரிதாக ஏறாது. அது மட்டுமல்ல, பழைய காரின் மதிப்பு குறைவு என்பதால் ஒரு சாதாரண இடி இடித்தாலே பழுதுச் செலவு மதிப்பை நெருங்கிவிடும். டோட்டல், அதாவது முழு நஷ்டம் என்று எழுதி, காசோலை கொடுத்து, காரைக் கொண்டுபோய்விடுவார்கள். புது கேம்ரியில் பம்பரோடு போகிற அடி இதில் காரையே கொண்டுபோய்விடும். இந்த ஒன்றைத் தாங்க மனம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்துவிடு.

இப்போது கணக்கு. நாளுக்கு 90 டாலர், மூன்று நாள் வாடகை என்று வைத்துக்கொள்வோம். தளம் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு உன் கைக்கு 200 வருகிறது. வாங்கிப்போனவர் 300 மைல் ஓட்டியிருக்கிறார். மைலுக்கு 25 சென்ட் தேய்மானத்துக்கு என்று ஒதுக்கினால் 75 போய்விட்டது. கழுவ 15. மிச்சம் 110. உன் இன்சூரன்ஸும் கராஜும் மாதம் 250 என்றால் வருடத்துக்கு 3,000. கூரை திறந்து ஓட்டுகிற காரை மழைக்காலத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், ஆகவே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு மாதம்தான் உனக்குச் சந்தை. மாதம் இரண்டு வாடகை என்றால் 1,540. பாதி என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான்.

முழுதாக வர வேண்டும் என்றால் அந்த ஏழு மாதமும் ஒரு வார இறுதி விடாமல் கொடுக்க வேண்டும். வரும், ஏறக்குறைய மூவாயிரம் வரும். ஆனால் வெயில் அடிக்கிற ஒரு சனிக்கிழமைகூட கார் உன்னிடம் இருக்காது. ஸ்கைலைன் சாலையில் ஏறி ஆலிஸ் ரெஸ்டாரன்டில் காபி குடித்துவிட்டு ஹாஃப் மூன் பேயில் இறங்குவதெல்லாம் முன்பின் தெரியாதவர்களுக்கு. உனக்கு நவம்பர் மழையும் ஒழுகுகிற கூரையும். காரை எதற்கு வாங்கினாய்?

மாதம் இரண்டு என்று முடிவு செய்துவிட்டால் இன்னொரு லாபம் உண்டு. யாருக்குக் கொடுப்பது என்று நீ பொறுக்கலாம். கேட்டவுடன் தானாகப் பதிவாகிற வசதியை அணைத்துவிடு. "எவ்வளவு வேகம் போகும்?" என்று முதல் கேள்வி கேட்கிறவருக்கு மரியாதையாக இல்லை என்று சொல். லகுனா செகா ரேஸ் டிராக் பக்கத்தில் ஹோட்டல் போட்டிருக்கிறேன் என்கிறவரிடம் அந்த டிராக்கில் இறக்கினால் காப்பீடு கிடையாது என்று எழுத்தில் தெரிவி. எனக்குப் பிடித்த வாடகைக்காரர்கள் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். இளமையில் இதே காரை வைத்திருந்து, குழந்தை பிறந்ததும் விற்றவர்கள். சாவியை வாங்கியதும் எழுந்து மடங்குகிற ஹெட்லைட்டை இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்துச் சிரிப்பார்கள். கொடுத்ததைவிடச் சுத்தமாகத் திரும்பக் கொடுப்பார்கள்.

சாவியை லாக்பாக்ஸில் போட்டுவிட்டு ஆபீஸுக்குப் போகிற வேலை இந்தக் காருக்கு ஆகாது. நேரில் நின்று கொடு. அமெரிக்காவில் கியர் வண்டி ஓட்டத் தெரியும் என்று சொல்கிறவர்களில் பலர் கல்லூரியில் நண்பனின் வண்டியில் ஒரு மாலை கற்றுக்கொண்டவர்கள். உன் அபார்ட்மென்ட் கராஜின் சரிவில் நிறுத்தி, அங்கிருந்து எடுக்கச் சொல். அரைக் கிளட்சில் நின்று எஞ்சினை அலற வைத்தார் என்றால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பணத்தைத் திருப்பிவிடு. ஒரு கிளட்ச் மாற்றுகிற செலவு பல வாடகைகளை விழுங்கிவிடும். இந்த மாடலில் கிளட்சை இயக்குகிற ஸ்லேவ் சிலிண்டர் கசிவதும் சகஜம். கசிந்தால் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பி வராது. வாரம் ஒருமுறை கிளட்ச் திரவத்தின் மட்டத்தைப் பார்.

அடுத்தது கூரை. உன் காரில் பின்சன்னல் கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். முன்கண்ணாடிக்கு மேலே இரண்டு மூலையிலும் உள்ள கொக்கிகளை விடுவித்து, பின்சன்னலின் ஜிப்பை முழுக்கப் பிரித்து, பிளாஸ்டிக்கைச் சுருக்கமில்லாமல் படுக்க வைத்த பிறகுதான் கூரையைப் பின்னால் மடக்க வேண்டும். ஜிப்பைப் பிரிக்காமல் மடக்கினால் பிளாஸ்டிக்கில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழும். நாலைந்து முறை நடந்தால் அந்தக் கோட்டிலேயே கீறிக்கொள்ளும். குளிர்ந்த காலையில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும்போது ஒரே முறை போதும். எவ்வளவு அழகாக வீடியோ எடுத்து அனுப்பினாலும் பத்தில் இரண்டு பேர் பார்க்க மாட்டார்கள். நீ செய்து காட்டு, பிறகு அவரைச் செய்யச் சொல். கூரை மாற்றுகிற காலம் வரும்போது கண்ணாடிச் சன்னல் வைத்த கூரையாகப் போட்டுவிடு, பிரிக்காமலே மடக்கலாம். கூரை மடங்குகிற இடத்துக்குக் கீழே மழைநீர் வடிகிற துளைகள் இருக்கின்றன. இலை அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே தேங்கி அங்கே துரு பிடிக்கும். இந்தக் காரைக் கொல்வது பெரும்பாலும் அந்தத் துருதான்.

டயர். நீ அனுப்பிய படத்தில் பட்டன் நன்றாக இருப்பதாகத் தெரிகிறது, சந்தோஷம். பக்கவாட்டில் டாட் என்று தொடங்குகிற எழுத்துகளின் கடைசி நான்கு எண்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். 2316. அதாவது 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர். குறைவாக ஓடிய காரில் ரப்பர் தேயாது, ஆனால் கெட்டியாகிவிடும். ஈரச் சாலையில் அது பிடிக்காது. டயரை மாற்றுவது செலவு விஷயம் மட்டுமல்ல, சட்ட விஷயமும்கூட. உன் அனுமதியோடு ஓட்டியவர் செய்த விபத்துக்காக மட்டும் உரிமையாளரிடம் கேட்கிற இழப்பீட்டுக்குக் கலிபோர்னியா வாகனச் சட்டம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. கெட்ட டயரையோ பிரேக்கையோ தெரிந்தே கொடுத்தாய் என்று நிரூபணமானால் அந்த வரம்பு உன்னைக் காப்பாற்றாது. ஓட்டுநர் பக்கம் மட்டும்தான் ஏர்பேக் என்பதையும் விளம்பரத்திலேயே எழுதிவிடு. 1994 மாடலில்தான் பக்கத்து இருக்கைக்கும் வந்தது.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பழைய ரசீதில் தேடு. அறுந்தால் இந்த எஞ்சின் உடைந்துபோகாது. ஆனால் வாடகைக்காரர் மவுன்ட் ஹாமில்டன் மலைச் சாலையில் பாதி வழியில் நிற்பார், உன்னைத்தான் கூப்பிடுவார்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. தளம் படிவம் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் வாடகை வருமானம்தான், காட்ட வேண்டும். செலவைக் கழிக்கும்போது முழுச் செலவையும் எழுதாதே. வாடகைக்குப் போன நாளும் மைலும் எவ்வளவோ அந்தப் பங்கைத்தான் எழுத வேண்டும். முதல் நாளிலிருந்தே ஓடோமீட்டரைப் படம் எடுத்து வை.

வழக்கறிஞரின் பதில் கையில் வந்து, நான்கு டயரையும் மாற்றுகிற வரை விளம்பரம் போடாதே. ஒருவேளை அவர் வேண்டாம் என்று சொன்னால் வாடகையை அடியோடு மறந்துவிடு. பழைய கார் சேகரிப்பவர்களுக்கென்றே தனி பாலிசிகள் இருக்கின்றன. தினசரி ஓட்ட வேறு கார், பூட்டி வைக்கிற கராஜ், குறைந்த மைல் என்று நிபந்தனை போடுவார்கள். மூன்றும் உன்னிடம் இருக்கின்றன. வாடகைக்கு விடக் கூடாது என்பதும் அவர்களுடைய நிபந்தனைதான். பிரீமியம் கணிசமாகக் குறையும், காரின் மதிப்பையும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளலாம். வழக்கறிஞரைப் பார்க்கிற அன்றே அதற்கும் ஒரு விலை கேட்டு வை.

அன்புடன்,
உன் அண்ணன்